இரண்டாவது பிரேக்

ஜனவரி 9

அண்ணிக்கு,

போனை எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனீர்கள், சொன்னபடியே எடுக்கவும் இல்லை. உங்கள் மகனைக் கேட்டால், "அம்மா ரொம்ப பிசி அத்தை" என்கிறான். மகன் வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டு அப்படி என்ன பிசி என்று தெரியவில்லை. கடிதத்தைப் பிரிக்க மாட்டேன் என்று நீங்கள் சொல்லாததால் இதை எழுதுகிறேன்.

மன்னிப்புக் கேட்க எழுதவில்லை. கிளப்பில் எல்லார் முன்னாலும் சொன்னது தப்பு, தனியாகச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் சொன்ன விஷயம் தப்பில்லை. ஒரு வருஷமாகவே நீங்கள் பந்துக்கு லேட். பக்கத்தில் நின்று ஆடுகிற எனக்குத் தெரியாதா? இடது கை அண்ணி, வலது கை நாத்தனார், டேபிள் டென்னிஸ் டபுள்ஸுக்கென்றே பெண் எடுத்த மாதிரி இருக்கிறது என்று அண்ணன் சொல்லிக்கொண்டே இருப்பார். ஒருவர் மேல் ஒருவர் முட்டாமல் ஆளுக்கொரு பக்கம் விலகி ஆடினோம். அண்ணன் போன பிறகும் அந்த மேஜைதான் நம்மை உட்கார்ந்து அழவிடாமல் வைத்திருந்தது. அதை நினைத்துத்தான் இவ்வளவு நாள் வாயைத் திறக்கவில்லை. அரையிறுதியில் தோற்ற ஆத்திரத்தில், "அண்ணிக்கு மூளை மந்தமாயிடுச்சு, நான் வேற ஜோடி பாத்துக்கறேன்" என்று வந்துவிட்டது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மனதில் வைத்துக்கொள்வானேன். அந்தத் தோள் தட்டல். ஆட்டத்தின் நடுவே நடுவே என் தோளில் ஒரு தட்டுத் தட்டுவீர்கள், வண்டி மாட்டைத் தட்டுவது மாதிரி. எனக்கு அது பிடிக்கவே இல்லை.

இப்போது பல் டாக்டரம்மாவோடு ஆடுகிறேன். கால் நல்ல வேகம். தட்டுவதும் இல்லை.

ஏப்ரலில் மூத்தோர் போட்டி. மார்ச் கடைசிக்குள் ஜோடிப் பெயர் கொடுக்க வேண்டும். "உங்க அண்ணி யாரோட ஆடறாங்க?" என்று கிளப் செயலாளர் என்னிடம் கேட்டார். தெரியாது என்றேன்.

உங்கள் பால்கனிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன். அதற்கும் கோபத்துக்கும் சம்பந்தமில்லை.

குட்டி


ஜனவரி 17

குட்டி,

அறுபத்தாறு வயதில் உன்னைக் குட்டி என்று கூப்பிட இந்த உலகத்தில் மிச்சமிருப்பது நான் ஒருத்திதான். அதனால் கோபத்திலும் அதை விட மனசு வரவில்லை.

என்ன பிசி என்று கேட்டாயே, கேள். என் மூளை மந்தமில்லை என்று நிரூபிக்கக் கிளம்பினேன். இங்கே பஸ் நிறுத்தத்தில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தது. மூளை ஆராய்ச்சிக்கு அறுபத்தைந்து வயது தாண்டியவர்கள் தேவை என்று பல்கலைக்கழகத்தில் கேட்டிருந்தார்கள். சும்மா இருப்பேனா? வாழ்நாள் முழுக்க டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்துக் காலம் தள்ளியவள், லைசென்ஸ் டெஸ்ட் என்றால் பயமில்லை. மறுநாள் காலையிலேயே போய் நின்றேன்.

அங்கே ஒரு பெண், மூக்கை விடப் பெரிய கண்ணாடி. அவள் பேரை நான் கேட்கவில்லை, கண்ணாடிக்காரி என்றே வைத்துக்கொள். அவள் சொன்னதைக் கேட்டு எனக்கு உட்கார முடியவில்லை. இளசுகளை மூளையைப் படம் எடுக்கிற மெஷினில் படுக்க வைத்து, பார்த்த வார்த்தைகளை ஞாபகப்படுத்தச் சொன்னால், நெற்றிக்குப் பின்னால் மூளையில் ஒரு பக்கம்தான் அதிகமாக வேலை செய்கிறதாம், படத்தில் அந்த இடம் மட்டும் விளக்கு மாதிரி எரிகிறதாம். நம் வயதுக்காரர்களில் பல பேருக்கு இரண்டு பக்கமும் சேர்ந்து வேலை செய்கிறதாம். அதுவும் நன்றாகப் பதில் சொல்லுகிற கிழடுகளுக்கு. புரிகிறதா குட்டி? இளசுகளின் மூளை சிங்கிள்ஸ் ஆடுகிறது, நம்முடையது டபுள்ஸ்.

அப்புறம் ஒரு தாளைக் கொடுத்தாள். எந்தக் கையால் பல் விளக்குவீர்கள், எந்தக் கையால் தீக்குச்சி கிழிப்பீர்கள், எந்தக் கையால் பந்து எறிவீர்கள். வலது கைக்காரர்கள்தான் வேண்டும் என்று வாசலிலேயே ஒட்டியிருந்தார்கள். நான் எல்லாவற்றுக்கும் வலது என்று டிக் போட்டேன். பள்ளிக்கூடத்தில் அடித்துப் பழக்கிய கை இருக்கிறதே, எழுத மட்டும் வலதுதான், அதனால் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது மேஜையிலிருந்து அவள் பேனா உருண்டது. என் இடது கை தானாகப் போய் அந்தரத்திலேயே அதைப் பிடித்துவிட்டது.

இரண்டு பேரும் அந்தப் பேனாவையே பார்த்தோம். "அம்மா, இடது கைக்காரங்களுக்கு மூளையில வேலைய வேற மாதிரி பிரிச்சு வச்சிருக்கலாம். அதனால எங்க கணக்கு குழம்பிடும்" என்றாள். பேனாவை மேஜையில் வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். ஆனால் யோசித்துப் பார். மந்தமான மூளையா அந்தப் பேனாவைப் பிடித்தது?

வருகிற வழியிலேயே திரும்பிப் போய் உனக்கு ஓர் இடம் பிடித்து வைத்தேன். நீ சுத்தமான வலது கைக்காரி. வா.

இடது கை அண்ணி


ஜனவரி 25

அண்ணிக்கு,

பந்துக்கு லேட்டானது நீங்கள், மெஷினில் படுக்க வேண்டியது நானா? நல்ல நியாயம்.

பேனாவைப் பிடித்தது சரி. அப்படியானால் பந்தை ஏன் பிடிக்கவில்லை? இதற்குப் பதில் சொல்லாமல் கண்ணாடி, பஸ் நிறுத்தம் என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறீர்கள்.

இரண்டு பக்கமும் எரிகிற விஷயம் நம்பும்படியாக இல்லை. மருந்துக்கடையில் நின்று ஓய்வு பெற்றவள் நான். இரண்டு மருந்து ஒன்றாகச் சேர்ந்தால் பலன் கூடும் என்று எல்லாரும் நினைப்பார்கள், பாதி நேரம் பக்கவிளைவுதான் கூடும். ஒரு பக்கம் செய்ய வேண்டிய வேலையை இரண்டு பக்கம் செய்தால் அது கெட்டிக்காரத்தனமா, தடுமாற்றமா என்று உங்கள் கண்ணாடிக்காரியிடம் கேட்டுப் பாருங்கள். எனக்காகக் கேட்க வேண்டாம், பொதுவாக.

பல் டாக்டரம்மாவோடு ஆட்டம் சரிப்படவில்லை. நல்ல மனுஷிதான், ஆனால் சர்வீஸ் வரிசை தெரியாமல் வந்து நிற்கிறார். நடுவர் அடிக்கடி நிறுத்தித் திருத்த வேண்டியிருக்கிறது. நேற்று கிளப்புக்குப் போனால் பூட்டியிருந்தது. யாராவது முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். சொன்னேனே என்கிறார் செயலாளர்.

உங்கள் செடிகளில் ஒன்று பூத்திருக்கிறது. எது என்று கேட்காதீர்கள், வெள்ளை.

குட்டி


பிப்ரவரி 2

குட்டி, குட்டி,

உன் கேள்வியைக் கொண்டுபோய்க் கேட்டேன். கண்ணாடிக்காரி நாற்காலியை விட்டே எழுந்துவிட்டாள். "இத கேட்டது யாரும்மா?" என்றாள். என் நாத்தனார் என்று பெருமையாகச் சொன்னேன். உன் மேல் கோபமாக இருக்கிறேன் என்பது அப்போதைக்கு மறந்துவிட்டது.

அதுதான் இப்போது பெரிய சண்டையாம். ஆராய்ச்சிக்காரர்கள் இரண்டு கட்சியாக நிற்கிறார்களாம். வயதானால் ஒரு பக்கத்துக்கு மூச்சு வாங்குகிறது, மறுபக்கம் ஓடி வந்து கைகொடுக்கிறது என்கிறது ஒரு கட்சி. உதவியும் இல்லை ஒன்றும் இல்லை, இளமையில் ஒவ்வொரு பக்கமும் தன் வேலையைக் கறாராகப் பார்த்தது, வயதானதும் கறார் தளர்ந்து எல்லாம் கலந்துகட்டி எரிகிறது என்கிறது இன்னொரு கட்சி. முடிவு இன்னும் யாருக்கும் தெரியாதாம். இவ்வளவு பெரிய படிப்புப் படித்தவர்களுக்கே தெரியாத ஒன்று நம் தலைக்குள் நடந்துகொண்டிருக்கிறது என்று நினைத்தால் எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. சந்தோஷத்தில்தான்.

நான் கைகொடுக்கும் கட்சி. நீ தடுமாற்றக் கட்சி என்று எழுத்திலேயே தெரிகிறது. ஒரு பந்தயம் வைத்துக்கொள்வோம். நீ வந்து படம் எடுத்துக்கொள். ஒரு பக்கம் மட்டும் எரிந்தால், கிளப் நடுவில் நின்று எனக்கு மூளை மந்தம்தான் என்று நானே சொல்கிறேன். இரண்டு பக்கமும் எரிந்தால் ஏப்ரலில் நீ என் ஜோடி. உன் மூளையைப் படம் எடுத்தால் என் மூளையைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பாய். கேட்காதே.

பந்தை ஏன் பிடிக்கவில்லை என்ற கேள்விக்கு நேரில் பதில் சொல்கிறேன். எழுதுகிற விஷயமில்லை அது.

இடது கை


பிப்ரவரி 11

அண்ணி,

நேரில் வேண்டாம், எழுதுங்கள். நேரில் சொன்னால் நான் குறுக்கே பேசிவிடுவேன்.

நேற்று கிளப் ஆட்டம். டபுள்ஸில் சர்வீஸ் நான்கு பேருக்கும் வரிசையாகச் சுற்றி வரும், ஜோடியில் இரண்டு பேரும் மாறி மாறித்தான் பந்தை அடிக்க வேண்டும், சின்னக் குழந்தைக்கும் தெரியும். நேற்று நான் பந்தை எடுத்துக்கொண்டு போய் நின்றபோது நடுவர் நிறுத்தினார். பல் டாக்டரம்மா தப்பாக நிற்கிறார் என்று நான் சொன்னேன். இல்லை, நான்தான் தப்பு என்றார். கொஞ்ச நேரத்தில் மறுபடியும். அப்புறம் மறுபடியும். ஒரு பந்து டாக்டரம்மா அடிக்க வேண்டியது, நான் அடித்துவிட்டேன், புள்ளி போய்விட்டது. அந்தம்மா கோபமே படவில்லை. ரொம்ப மெதுவாக, "இத்தன வருஷம் எப்படிங்க ஆடினீங்க?" என்று கேட்டார். நோயாளியிடம் எந்தப் பல் வலிக்கிறது என்று கேட்கிற குரல்.

வீட்டுக்கு வந்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எப்படி ஆடினேன் என்று நினைத்துப் பார்த்தேன். என் முறை வரும்போதெல்லாம் தோளில் ஒரு தட்டு. என் முறை வரும்போது மட்டும்தான். அண்ணி, அந்தத் தட்டு எப்போதிலிருந்து?

நான் மாத்திரை எண்ணிக் கொடுத்தவள். ஒரு நாளும் மாற்றிக் கொடுத்ததில்லை. பயமாக இருக்கிறது. உண்மையைச் சொல்லுங்கள்.

குட்டி


பிப்ரவரி 16

என் குட்டி,

போன வருஷத்துக்கு முந்தின மழைக்காலத்திலிருந்து.

முதலில் நானும் கவனிக்கவில்லை. நீ ஒரு நொடி நின்று என்னைப் பார்ப்பாய், நான் தலையை ஆட்டுவேன், நீ போவாய். அப்புறம் அந்த ஒரு நொடி நீண்டது. ஒரு நாள் சும்மா தோளைத் தட்டினேன், நீ சரியாகப் போய் நின்றாய். அப்படியே பழக்கமாகிவிட்டது. டிரைவிங் ஸ்கூல் காரில் என் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும், தெரியுமில்லையா? கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்குத் தாங்களே வண்டியை நிறுத்தியதாகத்தான் தோன்றும். பாதி நேரம் நான் காலை அந்தப் பிரேக்கின் மேல் வைத்திருப்பேன், அழுத்தவே மாட்டேன். வண்டி அவர்களுடையதுதான். உன் ஆட்டமும் உன்னுடையதுதான், குட்டி. உன் வலது கைச் சுழல் அடிக்கு இப்போதும் அந்தக் கிளப்பில் பதில் கிடையாது.

பந்துக்கு ஏன் லேட் என்று கேட்டாயே. நீ ஒதுங்குவாயா, என் பந்தையும் சேர்த்து அடிப்பாயா என்று ஒரு கண் உன் மேல், ஒரு கண் பந்து மேல். அந்த அரை நொடிதான் என் மந்தம். அதைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ பேட்டைத் தூக்கிப் பரணில் போட்டுவிடுவாய் என்று பயந்தேன். எனக்கு உன்னை விட்டால் யார் இருக்கிறார்கள் சொல். நீ எல்லார் முன்னாலும் மந்தம் என்றபோதும் அதனால்தான் வாயை மூடிக்கொண்டு ரயில் ஏறினேன். அங்கேயே இருந்திருந்தால் கோபத்தில் உளறியிருப்பேன். உன்னை இங்கே வரச் சொன்னதும் வேடிக்கைக்காக மட்டுமில்லை. படம் எடுக்கும் முன் அவர்கள் தாளில் ஒரு ஞாபகப் பரீட்சை வைப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

நீ தனியாகப் பயப்பட வேண்டாம். ரயில் ஏறு. பிளாட்பாரத்தில் நிற்பேன்.

அண்ணி


மார்ச் 8

அண்ணி,

வீடு வந்து சேர்ந்தேன். போனில் எல்லாம் பேசிவிட்டோம் என்றாலும் இதை எழுதித்தான் பார்க்க வேண்டும் போலிருக்கிறது.

மெஷினுக்குள் படுத்தபோது மேல் வீட்டில் சுவரைக் குடைகிற மாதிரி சத்தம். கண்ணுக்கு மேலே வார்த்தைகள் ஒவ்வொன்றாக வந்தன. ஏணி. உப்பு. கதவு. முன்பு பார்த்தது என்றால் ஒரு பொத்தான், புதுசு என்றால் இன்னொன்று. சிலதற்கு விரல் தானாகப் போனது, சிலதற்கு நடுவழியில் நின்றது. அப்படி நின்றபோதெல்லாம் தோளில் ஒரு தட்டு விழாதா என்று இருந்தது. நீங்கள் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தீர்கள் என்று அப்புறம்தான் சொன்னார்கள். மெஷினுக்குள் இருப்பவளுக்கு அது எப்படித் தெரியும்?

அந்தப் படம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. நெற்றிக்குப் பின்னால் இடது பக்கம் ஒரு மஞ்சள், வலது பக்கம் ஒரு மஞ்சள். நீங்கள் கைதட்டிய தட்டலில் அடுத்த அறைக்காரர் எட்டிப் பார்த்தார். இது உதவியா தடுமாற்றமா என்று நான் கேட்டபோது அந்தப் பெண் சொன்னதை நீங்கள் கைதட்டிய சத்தத்தில் கேட்டிருக்க மாட்டீர்கள். "ஒருத்தரோட படத்த வச்சு அத சொல்ல முடியாதும்மா. ஆனா நீங்க சரியா சொன்ன வார்த்தைங்க இருக்கில்ல, அந்த நேரத்துல எடுத்ததுதான் இது" என்றாள். நான் சரியாகச் சொன்னபோது இரண்டு பக்கமும் எரிந்தது, அண்ணி. தடுமாற்றக் கட்சியிலிருந்து விலகிவிட்டேன். உங்கள் கட்சியில் இன்னும் சேரவில்லை, வாசலில் நிற்கிறேன்.

தாள் பரீட்சையில் மார்க் குறைந்ததும், அந்தப் பெண் தயங்கித் தயங்கி டாக்டரைப் பார்க்கச் சொன்னதும், டாக்டர் லேசான மாற்றம் என்றதும் உங்களுக்கே தெரியும். சிலருக்கு இப்படியே நிற்கும், சிலருக்குக் கூடும், சிலருக்குச் சரியாகவும் போகும், ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்றார். ரயிலில் வரும் வழியெல்லாம் கூடும் என்ற சொல்தான் காதில் இருந்தது. ஊர் நெருங்கும்போது கடைசியாக அவர் சொன்னது ஞாபகம் வந்தது. விளையாட்டை மட்டும் விட்டுவிடாதீர்கள் என்றார் அல்லவா? ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்தை நான் இதுவரை விட்டதில்லை.

இன்று கிளப்புக்குப் போனேன். அன்றைக்கு நின்ற அதே இடத்தில் நின்று, அண்ணி லேட் இல்லை, எனக்குத்தான் வரிசை தவறுகிறது, அதற்காக நான் ஆட்டத்தை விடப் போவதில்லை என்று சொன்னேன். பல் டாக்டரம்மா ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். செயலாளரிடம் நம் இரண்டு பேர் பெயரையும் கொடுத்துவிட்டேன். பந்தயத்தில் தோற்றவள் வாக்குத் தவற மாட்டாள்.

ஒரே ஒரு நிபந்தனை. இனிமேல் ரகசியமாகத் தட்டக் கூடாது. எல்லாரும் பார்க்கத் தட்டுங்கள்.

குட்டி


மார்ச் 13

குட்டி,

பையில் துணியை அடைத்துக்கொண்டே எழுதுகிறேன். கிளப்பில் அப்படிச் சொன்னாயா? அதே இடத்தில் நின்றா? படித்துவிட்டு அறைக்குள்ளேயே நாலு தடவை நடந்தேன். மகன் என்னம்மா என்றான். உன் அத்தை பெரிய ஆள்டா என்றேன்.

இந்த வயதில் தனியாக அங்கே எதற்கு என்கிறான் அவன். தனியாகவா? கீழ்த்தளத்தில் நீ, இரண்டு மாடி மேலே நான், இதில் தனி எங்கே வந்தது. இங்கே கார் ஷெட் சுவரில் பந்தடித்துப் பழகி அவன் காரில் புள்ளி புள்ளியாகத் தடம் விழுந்துவிட்டதால், ஒரு வகையில் அவனுக்கும் நிம்மதிதான்.

நிபந்தனைக்குச் சம்மதம். பலமாகவே தட்டுகிறேன், வண்டி மாட்டைத் தட்டுகிற மாதிரி.

இடது கை


ஏப்ரல் 21

அண்ணி,

இரண்டு மாடி ஏறி வந்து சொல்லலாம். ஆனால் நேரில் வந்தால் நீங்கள் ஆட்டத்தை முதல் பந்திலிருந்து நடித்துக் காட்ட ஆரம்பித்துவிடுவீர்கள், என் கேள்வி அடிபட்டுப் போகும். அதனால் இதைக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போகிறேன். பதிலையும் எழுத்தில் கொடுங்கள்.

முதல் சுற்றில் ஜெயித்ததை நம்மைத் தவிர எல்லாரும் மறந்துவிட்டார்கள், பரவாயில்லை. நான் கேட்பது இரண்டாவது சுற்றின் கடைசி கேம் பற்றி. நீங்கள் ஒவ்வொரு முறையும் தட்டினீர்கள், ஊரே பார்த்தது, எனக்குக் கொஞ்சமும் கூச்சமாக இல்லை. ஐந்து புள்ளி நமக்கு முதலில் வந்தது. பக்கம் மாறினோம். கடைசி கேமில் ஐந்து வந்து பக்கம் மாறும்போது, சர்வீஸை வாங்குகிற ஜோடி ஆளை மாற்றி நிற்க வேண்டும். அந்த விதியில்தான் எல்லாரும் வழுக்கி விழுவார்கள். அவர்கள் சர்வீஸ். நான் போய் வாங்க வேண்டும். நீங்கள் ஆனந்தமாகப் போய் அந்த இடத்தில் குனிந்து நின்றீர்கள், பேட்டையும் தூக்கிவிட்டீர்கள். நடுவர் புள்ளி அட்டையைத் திருப்பிக்கொண்டிருந்தார், கவனிக்கவில்லை.

எனக்குத் தெரிந்தது, அண்ணி. யாரும் சொல்லாமல் தெரிந்தது. வந்து உங்கள் தோளைத் தட்டினேன்.

நீங்கள் திரும்பிப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். என்ன மறந்தாலும் அதை மறக்கக் கூடாது என்றுதான் இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன். அந்தப் புள்ளியை என் சுழல் அடியில் எடுத்தோம். ஆட்டத்தை அவர்கள் எடுத்தார்கள், எடுத்துக்கொள்ளட்டும்.

கேள்வி இதுதான். எனக்காக வேண்டுமென்றே போய் நின்றீர்களா? பிரேக்கின் மேல் காலை வைத்துக்கொண்டு, நான் நிறுத்துகிறேனா என்று பார்த்தீர்களா? என்னைச் சந்தோஷப்படுத்தப் பொய் சொல்ல வேண்டாம். ராத்திரி முழுக்க இதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

குட்டி


ஏப்ரல் 21, மாலை

குட்டி,

உன் அண்ணன் மேல் சத்தியமாகச் சொல்கிறேன். ஐந்து புள்ளி வந்த குஷியில் எனக்கு அந்த விதி சுத்தமாக மறந்துபோனது. பேனாவைப் பிடித்த மூளைதான், அப்படியே துடைத்த மாதிரி. உன் கை தோளில் விழுந்ததும் ஒரு நொடி ஒன்றுமே புரியவில்லை, அப்புறம் எல்லாம் புரிந்தது.

இவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் மறந்ததில்லை.

இதை உன் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டு அங்கேயேதான் நிற்கிறேன். படித்து முடித்ததும் பேட்டை எடுத்துக்கொண்டு வெளியே வா. கிளப் திறந்திருக்கிறது, நான் போன் போட்டுக் கேட்டுவிட்டேன்.

அண்ணி